பெயரை விற்றவர்... லியோ ஃபெண்டரும் யாரும் சீண்டாத கிட்டார்களும்!

பழைய ஃபெண்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் விலையைக் கேட்க மாட்டார்கள். கலரையும் கேட்க மாட்டார்கள். 65-க்கு முன்னாடியா, பின்னாடியா? இதுதான் முதல் கேள்வி. முன்னாடி என்றால் ஒரு சொகுசு கார் வாங்கும் காசை எடுத்து வைக்க வேண்டி வரலாம். பின்னாடி என்றால், ரொம்ப காலத்துக்கு உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துபோனார்கள்.

இத்தனைக்கும் ரெண்டும் ஒரே ஊரில் செய்தவை. ஒரே டிசைன். தலைப்பக்கத்தில் அதே ஃபெண்டர் பெயர். நடுவில் நடந்தது இதுதான்: சீக்கிரமே செத்துப்போய்விடுவோம் என்று நம்பிய ஒருவர் தன் கம்பெனியை விற்றார். கம்பெனியோடு சேர்த்து தன் பெயரையும் விற்றார். ஆனா அவர் சாகலை. அதுக்கப்புறம் 26 வருஷம் உயிரோடு இருந்தார். தன் பெயர் போட்ட கிட்டார்கள் ஊர் வாயில் விழுவதை, அதே ஊரில் இருந்தபடி பார்த்தார்.

அவர்தான் லியோ ஃபெண்டர். அன்றைக்கு ஊரே திட்டித்தீர்த்த அந்த கிட்டார்களை இன்றைக்கு ஒரு கூட்டம் தேடித்தேடி வாங்குகிறது. ஏன்னு புரியணும்னா லியோவோட கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்கணும்.

ட்யூன் பண்ணத் தெரியாத மனுஷன்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 10. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்ற ரெண்டு ஊர்களுக்கு நடுவே அவரோட அப்பா அம்மாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. 8 வயதில் ஒரு கட்டி வந்து இடது கண் போனது. அந்த இடத்தில் கண்ணாடிக் கண் வைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராணுவத்துக்குப் போகாமல் லியோ ஊரிலேயே இருந்ததற்கு அந்தக் கண்தான் காரணம்.

14 வயதில், கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவரின் கடைக்குப் போனார். உதிரி பாகங்களை வைத்து அவரே செய்திருந்த ரேடியோ ஒன்று கடை முகப்பில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் லியோவைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பியவர் வீட்டிலேயே ரேடியோ ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனா காலேஜில் படித்தது என்னவோ அக்கவுன்ட்டிங். எலெக்ட்ரானிக்ஸை எங்கேயும் முறையாகப் படிக்கவில்லை. கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. 30-களின் பொருளாதார மந்தத்தில் அது போனது. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் வேலை. அதுவும் ஆறே மாதத்தில் போனது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். வேலை போச்சு, கடன் வாங்கி கடை போட்டாச்சு... நம்ம தெருமுனை செல்போன் சர்வீஸ் கடை அண்ணன் கதை மாதிரியே இருக்கு, இல்லையா?

கடைக்கு இசைக்கலைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓட்டை ஆம்ப், ஓயாமல் இரையும் மைக், ஒயர் பிய்ந்த கிட்டார் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் உடையும் என்பது லியோவுக்கு அத்துப்படி ஆனது. அவர் செய்த எல்லாமே இங்கிருந்துதான் வந்தன.

இன்னொரு விஷயம் கேட்டால் நம்ப மாட்டீர்கள். லியோவுக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. சின்ன வயதில் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் சாக்ஸஃபோன் கற்றுக்கொண்டதோடு சரி. கிட்டாரை ட்யூன் பண்ணக்கூடத் தெரியாது. கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. புதுசாக ஒன்று செய்தால் வாசிப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இது ஒரு குறை மாதிரி தெரியலாம். எனக்கென்னவோ அதுதான் அவரோட பலம் என்று தோன்றுகிறது. வாசிக்கத் தெரிந்திருந்தால் தனக்குப் பிடித்த கிட்டாரைச் செய்திருப்பார்.

டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து 1945-ல் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களும் ஆம்ப்களும் செய்தார். தொழிலைப் பெரிதாக்கப் பணம் போடுவதற்கு காஃப்மன் தயங்கி விலகிவிட, லியோ தனியாக ஃபெண்டர் கம்பெனியை நடத்தினார்.

நாலு ஸ்க்ரூ போட்ட புரட்சி

அப்போதைய கிட்டார்கள் பெரும்பாலும் வயலின் செய்வது மாதிரி செய்யப்பட்டவை. உள்ளே கூடாக இருக்கும். விரல் வைத்து அழுத்தும் நீளப் பகுதியான நெக்கை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மேடையில் ஆம்ப் சத்தத்தைக் கூட்டினால் கூட்டுக்குள் சத்தம் சுற்றி ஊளையிடும். நெக் வளைந்தால் ரிப்பேருக்கு ரெண்டு வாரம்.

லியோ யோசித்தது ரிப்பேர் கடைக்காரராக. உடம்புக்கு ஒரு கெட்டியான மரப்பலகை. நெக் தனி. ரெண்டையும் சேர்க்க பின்பக்கம் ஒரு தகடு, நாலு ஸ்க்ரூ. நெக் தேய்ந்தால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான். சமையலறை மேஜை செய்கிற மாதிரி கிட்டார் செய்கிறான் என்று மற்ற கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள்.

1950-ல் அது பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. கிரெட்ஷ் கம்பெனி கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால் ஆட்சேபம் தெரிவித்தார்கள். லியோ சண்டை போடவில்லை. ஏற்கெனவே அச்சடித்த ஸ்டிக்கர்களில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, மிச்சமிருந்த ஃபெண்டர் என்பதை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். டி.வி புதுசாகப் பரபரப்பான காலம் என்பதால் பிறகு டெலிகாஸ்டர் ஆனது. இந்தப் பெயர்க் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

1951-ல் பிரிசிஷன் பேஸ். ஆள் உயர பேஸை வேனில் கட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார். பெரிய அளவில் தயாராகி உலகம் முழுக்கப் பரவிய முதல் பேஸ் கிட்டார் இதுதான். இளையராஜா பாட்டுகளில் நாம் மயங்கிக் கிடக்கும் அந்த பேஸ் ஓட்டங்களுக்கான கருவியே இந்த வழியில் வந்ததுதான். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பலகையின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் புகார் சொன்னதால், உடம்பில் படும் இடத்தைச் செதுக்கி வளைத்தார். இன்றைக்கு ஒரு குழந்தையிடம் எலெக்ட்ரிக் கிட்டார் வரையச் சொன்னால் வரையுமே, அந்த வடிவம்.

இதெல்லாம் ஜெயித்த கதை. நமக்கு வேண்டியது தோற்றவை.

ஜாஸ் ஆட்கள் தொடாத ஜாஸ்மாஸ்டர்

1958-ல் லியோ ஜாஸ்மாஸ்டரைக் கொண்டுவந்தார். பெயரிலேயே இருக்கிறது, ஜாஸ் கலைஞர்களைப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். அவர்கள் உட்கார்ந்து வாசிப்பவர்கள் என்பதால் இடுப்புப் பகுதியைச் சாய்வாக வெட்டி, மடியில் வாகாக உட்கார வைத்தார். மேல்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச். தள்ளினால் மெத்தென்ற, இருட்டான டோன் வரும். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற கம்பிகளின் சுருதி கலையாமல் பிடித்துவைக்க ஒரு லாக். ரிப்பேர் கடைக்காரர் மூளை இதிலும் வேலை செய்திருக்கிறது.

ஜாஸ் கலைஞர்கள் சீண்டவே இல்லை. கலிஃபோர்னியாவின் கடற்கரைப் பையன்கள் சர்ஃப் மியூசிக் வாசிக்க எடுத்துக்கொண்டார்கள். 1962-ல் வந்த ஜாகுவார் அப்போது ஃபெண்டரின் விலை கூடின மாடல். நீளம் குறைவான நெக், மூன்று குரோம் தகடுகள், தகடுகளில் ஸ்விட்ச்களும் குமிழ்களும், கம்பிகளை மழுங்கடிக்க ரப்பர் மாதிரி ஒரு நுரைப்பட்டை. அந்த நுரைப்பட்டையைப் பெரும்பாலானவர்கள் முதல் வேலையாகக் கழற்றிப் போட்டார்கள். சர்ஃப் மோகம் அடங்கியதும் ரெண்டு மாடல்களும் கடைகளில் தூங்க ஆரம்பித்தன.

ஜாஸ்மாஸ்டரோட தொல்லைகள் ரொம்பப் பிரபலம். அது தடிமனான கம்பிகள் போடும் காலத்தில் வடிவமைக்கப்பட்டது. பின்னால் வந்தவர்கள் மெல்லிசான கம்பி போட்டார்கள். கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் அழுத்தம் போதாது. வேகமாக அடித்தால் கம்பி தன் பள்ளத்தை விட்டுக் குதித்துவிடும். ஏதோ ஒரு ஸ்க்ரூ எப்போதும் கிலுகிலுக்கும். உணர்ச்சிவசப்பட்டு வாசிக்கும்போது கை மேல் ஸ்விட்ச்சில் பட்டால் சத்தம் திடீரென்று போர்வைக்குள் போய்விடும். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சாண் கம்பி சும்மா நீண்டுகிடந்து தானாக அதிர்ந்துகொண்டிருக்கும்.

இந்தக் கடைசித் தொல்லையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு லியோவிடம் திரும்புவோம். ஏன்னா அவர் உடம்பு அப்போது மோசமாக இருந்தது.

ஒரு கையெழுத்து

50-களின் நடுவிலிருந்தே லியோவுக்கு சைனஸில் ஸ்ட்ரெப் கிருமித் தொற்று. போவதும் வருவதுமாக இருந்தது, வருஷக்கணக்கில் தீரவில்லை. 60-களின் ஆரம்பத்தில், இனி ரொம்ப நாள் தாங்க மாட்டோம் என்று முடிவே பண்ணிவிட்டார். கம்பெனியோ வளர்ந்துகொண்டே போனது. அதன் விற்பனையைப் பார்த்துக்கொண்ட டான் ரேண்டலிடமே, 15 லட்சம் டாலருக்கு நீயே வாங்கிக்கொள் என்கிற அளவுக்கு லியோ இறங்கிவந்தார் என்று சொல்வார்கள். ரேண்டல் வெளியே ஆள் தேடினார். அமெரிக்காவின் பெரிய டி.வி நிறுவனமான சி.பி.எஸ் வந்தது.

1965 ஜனவரியில் விற்பனை முடிந்தது. விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அதற்கு முந்தைய வருஷம்தான் சி.பி.எஸ், புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவிகிதப் பங்கை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. ஒரு கிட்டார் கம்பெனிக்கு அதைவிட அதிகம்!

ஒப்பந்தத்தில் ரெண்டு விஷயம் முக்கியம். லியோ சில வருஷம் ஆலோசகராக இருக்கலாம். ஆனால் 10 வருஷத்துக்குப் போட்டியாக எதுவும் செய்து விற்கக் கூடாது. ஃபெண்டர் என்ற பெயர் இனி அவருடையது அல்ல.

1968-ல் லியோ வேறொரு டாக்டரைப் பார்த்தார். ஆன்டிபயாடிக் டோஸைக் கூட்டிக் கொடுத்தார். குணமாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். 10 வருஷத்துக்கும் மேல் ஆட்டிவைத்த நோய், ஒரு சரியான மருந்தில் போயே போச்சு. வயது 60-ஐத் தொடவில்லை. கை நிறைய காசு. நாள் முழுக்க வேலை செய்யத் தெம்பு. வேலைதான் இல்லை.

பெரிய தலை, கனத்த உடம்பு

சி.பி.எஸ் காலம் என்றாலே கிட்டார்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நியாயமான காரணங்கள் இருக்கின்றன. உற்பத்தி கூடியது, கவனம் குறைந்தது. 65-ன் கடைசியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலைப்பகுதி பெரிதானது. லோகோ பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். மெல்லிய லாக்கர் பூச்சு போய், பாலியெஸ்டர் வந்தது. பழைய பூச்சு கை பட்டுப் பட்டு அழகாகத் தேயும். இது பிளாஸ்டிக் உறை மாதிரி தடிமனாக உட்கார்ந்துகொள்ளும், அடி பட்டால் சில்லு சில்லாகப் பெயரும். 70-களில் கனமான ஆஷ் மரத்தில் செய்ததில், சில ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் நாலரைக் கிலோவைத் தாண்டின. ரெண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு தோளைக் கேட்டால் கதை சொல்லும்.

மிச்சம் மீதி பாகங்களை வீணாக்கக் கூடாது என்று 1969-ல் ஒரு கூத்து நடந்தது. விற்காமல் கிடந்த 12 கம்பி கிட்டார்களின் உடம்பையும் நெக்கையும் எடுத்து, வேண்டாத ஓட்டைகளை அடைத்து, வெட்டிச் செதுக்கி, 6 கம்பி கிட்டாராக விற்றார்கள். இன்னொரு பக்கம், விலைபோகாத பேஸ் கிட்டார் உடம்பில் மாணவர்களுக்கான மஸ்டாங் கிட்டாரின் நெக்கை மாட்டி, தலையைக் கூர்மையாக அறுத்து ஸ்விங்கர் என்று ஒன்று. பழைய சோற்றைத் தாளித்த கதைதான். ஆனா இன்றைக்கு அந்த ஸ்விங்கர் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விட மாட்டார்கள்.

ஆம்ப் விஷயத்தில் சி.பி.எஸ் இன்னும் சறுக்கியது. 1966-ல் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்களைக் கொண்டுவந்தார்கள். அவை அடிக்கடி பழுதாகின. தயாரிப்பைப் பல வருஷம் கவனித்துவந்த ஃபாரஸ்ட் ஒயிட், இதற்கெல்லாம் ஒப்புதல் கையெழுத்து போட மாட்டேன் என்று வேலையை விட்டுப் போனார்.

அதேநேரம், அந்தக் காலத்தில் வந்த எல்லாமே குப்பை என்பதை நான் ஏற்க மாட்டேன். 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் சி.பி.எஸ் காலத்துப் பெரிய தலை கிட்டார்தான். போட்டி கம்பெனியான கிப்சனில் ஹம்பக்கர் என்ற இரைச்சல் இல்லாத பிக்கப்பைக் கண்டுபிடித்த செத் லவர், 1967-ல் ஃபெண்டருக்கு வந்து வைடு ரேஞ்ச் என்ற பிக்கப்பைச் செய்தார். உள்ளே செம்பு, நிக்கல், இரும்பு கலந்த காந்தங்கள். அந்தக் காந்தம் கிடைக்காமல் போனதால், பல வருஷம் மறுபதிப்பு மாடல்களில் வெளிமூடி மட்டும்தான் ஒரிஜினல் மாதிரி, உள்ளே வேறு. 70-களில் யாரும் மதிக்காத டெலிகாஸ்டர் டீலக்ஸை இன்றைக்குத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மூணு ஸ்க்ரூ யாருடையது?

சி.பி.எஸ் காலத்துக் குற்றப்பத்திரிகையில் முதல் குற்றம் எப்போதும் ஒன்றுதான். மூணு ஸ்க்ரூ. 70-களின் ஆரம்பத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கைப் பிடிக்கும் நாலு ஸ்க்ரூவை மூணாகக் குறைத்தார்கள். நெக் பக்கவாட்டில் நகர்ந்தது, கம்பிகள் வரிசை மாறின. ஒரு ஸ்க்ரூ காசை மிச்சம் பிடிக்க லியோவோட கிட்டாரைக் கெடுத்துட்டாங்க பாவிங்க என்பது பல தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

கதையில் ஒரு சிக்கல். அந்த மூணு ஸ்க்ரூ ஏற்பாட்டின் இதயமே லியோவோட யோசனை.

அதன் பெயர் மைக்ரோ டில்ட். கம்பியின் உயரம் சரியாக அமைய, நெக்கின் சாய்வைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு நெக்கையே கழற்றி, அடியில் அட்டைத் துண்டு சொருகுவது வழக்கம். எதுக்கு இந்தத் தொல்லை என்று லியோ, பின்தகட்டில் ஒரு சின்ன ஓட்டை வைத்தார். அதில் ஆலன் கீயை விட்டுத் திருகினால் போதும், சாய்வு மாறும். ஆலோசகராக இருந்த காலத்தில் அவர் பேரில் வாங்கப்பட்ட காப்புரிமை இது. பின்னாடி தானே சொந்தமாகச் செய்த கிட்டார்களிலும் லியோ மூணு ஸ்க்ரூதான் போட்டார். அவற்றை யாரும் இப்படித் திட்டவில்லை. ஏன்னா அங்கே நெக் உட்காரும் பள்ளத்தை இடைவெளி இல்லாமல் கச்சிதமாகக் குடைந்தார்கள். சி.பி.எஸ் தொழிற்சாலையில் பள்ளம் லூஸ். பழி மட்டும் ஸ்க்ரூ மேல்.

அவர் கொடுத்த யோசனைகளில் வெகு சிலவற்றைத்தான் சி.பி.எஸ் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதில் ஒன்று, அந்தக் காலத்தின் அவமானச் சின்னமாகவே ஆனது. 

அடகுக்கடையில் கிடைத்த வாழ்வு

ஃபெண்டர் 1975-ல் ஜாகுவாரை நிறுத்தியது. 1980-ல் ஜாஸ்மாஸ்டர். 82-ல் மஸ்டாங். நியூயார்க், சியாட்டில் மாதிரி ஊர்களின் அடகுக்கடைச் சுவரில் இவை தூசியோடு தொங்கின. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் விலை ஏற ஏற, கையில் காசில்லாத பையன்களுக்குக் கிடைத்தது இதுதான்.

டெலிவிஷன் இசைக்குழுவின் டாம் வெர்லைன் ஜாஸ்மாஸ்டர் எடுத்தார். எல்விஸ் காஸ்டெல்லோ 1977-ல் தன் முதல் ஆல்பத்தின் அட்டையிலேயே ஜாஸ்மாஸ்டரோடு நின்றார். சோனிக் யூத் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் சும்மா கிடந்த கம்பியைச் சொன்னேனே, அதையே தட்டியும் சுரண்டியும் மணியோசை மாதிரி, கண்ணாடி உடைவது மாதிரி சத்தங்களை எடுத்தார்கள். ஜாஸ் ரசிகர்களுக்காக லியோ கண்ணும் கருத்துமாகச் செய்த கருவி, ஜாஸ் ரசிகர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் இசைக்குப் பொருத்தமானது!

1991-ல் வந்த நிர்வானாவின் ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட் வீடியோவில் கர்ட் கோபேன் கையில் இருப்பது மஸ்டாங். நீல உடம்பில் ரேஸ் கார் மாதிரி பட்டைக் கோடுகள் போட்ட, 1969 வாக்கில் வந்த சி.பி.எஸ் காலத்து மாணவர் கிட்டார். அவர் மேடைகளில் வாசித்த 1965 ஜாகுவார், பிக்கப்கள் எல்லாம் மாற்றப்பட்டு ஏற்கெனவே யாரோ கை வைத்தது. ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் எடுத்தது ஸ்டார்காஸ்டர். 70-களின் நடுவில் வந்து, யாரும் வாங்காமல் போன மாடல்.

இவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறை வாங்கியது. விலை ஏறியது. இன்றைக்கு அவையும் சல்லிசு இல்லை. ஆனா ஈர்ப்பு விலையில் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. 1959 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றில் யாரும் துணிந்து டிரில் போட மாட்டார்கள். அது பேங்க் லாக்கர் பொருள். 1974 கிட்டாரில் போடலாம். பிக்கப்பை மாற்றலாம், வேண்டாத ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டலாம், லூஸான நெக்குக்கு அடியில் விசிட்டிங் கார்டு சொருகலாம். அந்தக் காலத்துக் கவனக்குறைவால் ஒரே வருஷத்தில் செய்த ரெண்டு கிட்டார்களே ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கட்டை, அடுத்தது தங்கம். வருஷத்தைப் பார்த்து வாங்க முடியாது, கையில் எடுத்து வாசித்துத்தான் பார்க்கணும். இப்படிக் கழற்றி மாட்டிப் பிழைக்க முடிவதே, ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் முதலில் அதை ஸ்க்ரூ போட்டுச் செய்ததால்தான்.

ஃபெண்டர் தெருவில் ஃபெண்டர் இல்லாத கிட்டார்

இனி லியோ. தடைக்காலம் முடிந்த 1975-ல், ஃபாரஸ்ட் ஒயிட்டும் டாம் வாக்கரும் ஆரம்பித்திருந்த மியூசிக் மேன் கம்பெனிக்குத் தலைவரானார். அடுத்த வருஷம் வந்த ஸ்டிங்ரே பேஸ் இன்றைக்கும் பெரிய பெயர். அங்கேயும் பிறகு மனக்கசப்பு. 1979-ல் மனைவி எஸ்தர் இறந்தார். 1934-ல் கல்யாணமாகி 45 வருஷம் கூட இருந்தவர். 1980-ல் ஃபில்லிஸை மணந்துகொண்டார். அதே சமயம் பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் கம்பெனியை ஆரம்பித்தார். ஜார்ஜ், லியோ. பெயரின் முதல் எழுத்தைத்தான் போட முடிந்தது. குடும்பப் பெயரைப் போட முடியாதே.

இதில் ஒரு வேடிக்கை. ஜி அண்ட் எல் தொழிற்சாலை இருந்த தெருவின் பெயர் ஃபெண்டர் அவென்யூ. தெருவுக்குத் தன் பெயரை வைக்கலாம், கிட்டாருக்கு வைக்கக் கூடாது.

1985-ல் லியோ, தன் முதல் கிட்டாரை நினைவூட்டும் ஒரு மாடலைச் செய்து, உடம்பில் தன் கையெழுத்தையும் போட்டு, பிராட்காஸ்டர் என்று பழைய பெயரையே வைத்தார். இந்த முறை ஆட்சேபம் வந்தது ஃபெண்டர் கம்பெனியிடமிருந்து! 35 வருஷத்துக்கு முன்னால் கிரெட்ஷுக்கு விட்டுக்கொடுத்த மாதிரியே இப்போதும் விட்டுக்கொடுத்தார். அது ஏசாட் என்ற பெயருக்கு மாறியது. அதே 1985-ல் சி.பி.எஸ், ஃபெண்டரை அதன் ஊழியர்கள் அடங்கிய குழுவிடம் விற்றது. விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். 20 வருஷத்துக்கு முன் வாங்கியதைவிடக் கம்மி. ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலைக் கட்டடம்கூட அந்த விலையில் அடங்கவில்லை.

தான் செய்ததிலேயே சிறந்தவை ஜி அண்ட் எல் கிட்டார்கள்தான் என்று லியோ உறுதியாக நம்பினார். 50-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை உலகம் கோயில் சிலை மாதிரி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அதைச் செய்தவருக்கு அது பழைய மாடல். பிக்கப்பைத் திருத்தினார், பிரிட்ஜைத் திருத்தினார், காப்புரிமைகள் வாங்கினார். உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்ஜெட்டுக்குள் பழைய அமெரிக்க கிட்டார் தேடுகிறவர்கள் இன்றும் ரகசியமாகப் பேசிக்கொள்வது 80-களின் ஜி அண்ட் எல் பற்றித்தான். லியோவே நேரடியாகக் கவனித்துச் செய்தது, ஆனா தலையில் ஃபெண்டர் என்று இருக்காது. அதனால் விலை குறைவு.

பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்த பிறகும் தினமும் வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21-ல், 81 வயதில் இறந்தார். தொழிற்சாலையில் அவர் உட்கார்ந்து வேலை பார்த்த மேஜையை, கருவிகளோடு பல வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள். கர்ட் கோபேனின் அந்த வீடியோ வந்தது அதே வருஷம் செப்டம்பரில். லியோ பார்க்கவில்லை.

ஜாஸ்மாஸ்டரும் ஜாகுவாரும் 1999-ல் அமெரிக்கத் தயாரிப்பாகத் திரும்பி வந்தன. 2022-ல் ஃபெண்டர் கம்பெனி பழைய மாடல்களை அச்சு அசலாக மறுபடி செய்யும் வரிசையில் 1973 ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் சேர்த்தது. பெரிய தலை அப்படியே இருக்கு. பின்னால் திருப்பினால் மூணு ஸ்க்ரூ. தகட்டின் நடுவே ஆலன் கீ நுழைகிற அந்தச் சின்ன ஓட்டையும் இருக்கு.